தலை குனிந்த சபை

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபை. உபதேசியார் இஸ்ரவேல் பிரசங்கம் தொடங்கினால் போதும், மொத்தச் சபையும் தலையைக் குனிந்துகொள்ளும். அத்தனை பக்தி! அந்தப் பக்திக்கு ஈடாகப் பிரசங்கம் எழுதவேண்டுமே என்று அவர் வாரமெல்லாம் கண்விழித்தார். கடைசியில் சோறு இறங்கவில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலைதான் உம்மைத் தின்னுட்டு இருக்கு. பிரசங்கத்தை மறந்துட்டு, கன்னியாகுமரியில போய்க் கடக்காத்து வாங்கும்" என்றார் மிஷன் டாக்டர்.

கடற்காற்றில் உடம்பு தேறியது. மனசுதான் தேறவில்லை. அவருக்குப் பதிலாகப் பிரசங்கம் செய்ய வந்திருந்த சாலமோன் இளவட்டம். குரலோ இடி முழக்கம். தன்னைச் சபை மறந்துவிடுமோ?

ஒருநாள் சபை மூப்பர் ஞானையன் நாலு பேரோடு வில்வண்டியில் வந்து இறங்கினார். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது.

"உபதேசியாரே, இப்பவே வாருங்க. நீங்க இல்லாம சபை தவிச்சுப் போச்சு."

இஸ்ரவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏன், சாலமோன் நல்லாத்தானே பிரசங்கம் பண்ணுகான்?"

"அதுதானே வினை! மேசையைத் தட்டுகான், பேரைச் சொல்லிக் கேள்வி கேக்கான். வாரம் பூரா பனையேறிட்டு வாற நாங்க, ஒங்க பிரசங்கத்திலதான் நிம்மதியா உறங்குவோம். இப்ப அதுவும் போச்சே!"

உபதேசியார் வண்டியேறினார். அதற்குப் பிறகு பிரசங்கம் எழுத அவர் ஒருநாளும் கண்விழிக்கவில்லை. அதைக் கேட்கச் சபையும் கண்விழிக்கவில்லை.