செம்பூர் ஹாலில் ஒரு சிவப்புப் புள்ளி

“சார், ஹால்ல இப்போ யார் யார் இருக்கீங்க?” என்று காம்பவுண்டில் நின்று ஹரி கேட்டான்.

முதல் மாடி பால்கனியிலிருந்து சந்திரமௌலி விறைப்பாகப் பதில் சொன்னார். “நான், என் ஆத்துக்காரி விஜயலக்ஷ்மி, பொண்ணு வந்தனா. அவளைப் பார்க்க நெருள்லேர்ந்து வந்திருக்கற நகுல், அவரோட அப்பா சாய்நாத், அம்மா சுப்புலக்ஷ்மி. ஆறு பேர். ஏன்டா?”

“உங்க ஹால்ல கதிர்வீச்சு இருக்கு சார். கேமராவுல சிவப்பா காட்டுது.”

எங்காவது கதிர்வீச்சு கசிகிறதா என்று தெருத் தெருவாகச் சோதிக்கும் அரசு வண்டியில் வந்திருந்தான் ஹரி. தள்ளி நின்றே கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் அந்தக் கேமராக் கருவியை அவனுக்குப் பழக்கியவரே, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட சந்திரமௌலிதான். சற்றுமுன் சாய்நாத்திடம் அதைப் பற்றிப் பெருமையடித்தும் ஆயிற்று. “அறுபது அடியிலேர்ந்து பிடிச்சுடும். பொய்யே சொல்லாது!”

“கருவியில ஏதோ தப்பு” என்றார் இப்போது.

“பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சார் கத்துக் குடுத்தீங்க?”

சந்திரமௌலிக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் தேங்காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்து ஏற்றி இதய ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த மருந்து கருவியில் தெரியும் என்பது, முப்பத்தோரு வருடம் அதே வேலை பார்த்த மூளைக்கு அதுவரை உறைக்கவில்லை. ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் நெஞ்சுக் கோளாறு கிடையாது’ என்று ஜாதகத்தோடு எழுதி அனுப்பியவரும் அவரே. வாயைத் திறந்தால் வந்தனாவின் கல்யாணம் போச்சு.

“எல்லாரையும் வெளியேத்தி வீட்டைச் சோதிக்கணும் சார். போலீஸுக்குச் சொல்லட்டுமா?”

“போலீஸெல்லாம் எதுக்கு?” என்று எழுந்தே விட்டார் சாய்நாத். “நாங்க இன்னொரு நாள் வரோமே!”

வந்தனா பஜ்ஜித் தட்டோடு அப்பாவைப் பார்த்தாள்.

“யாரும் போக வேண்டாம்” என்றார் சந்திரமௌலி. “அது நான்தான். காலம்பற ஹார்ட் ஸ்கேன் எடுத்துண்டேன்.”

“அப்போ தேங்காய்?” என்றாள் விஜயலக்ஷ்மி.

“நான் கீழே வரேன், ஹால்ல சிவப்பு அணையறதா பாரு” என்று ஹரியிடம் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

பெண் வீட்டார் நோயை மறைத்ததால் சம்பந்தம் முறிந்தது என்று மாட்டுங்காத் தமிழர்களிடையே ஒரு பேச்சு உண்டு. முறியவில்லை. சந்திரமௌலி வண்டியருகே வந்து நின்ற பிறகும் ஹாலில் அந்தச் சிவப்பு அணையாதிருக்க, “எனக்கும் காலம்பறதான் ஹார்ட் ஸ்கேன் எடுத்தா” என்று முணுமுணுத்தபடி சாய்நாத் படியிறங்கி வந்தார்.