இரண்டு மீட்டர் ஐஸ்

"சாரங்கன் இருக்கிற இடத்தில இண்டைக்கு எவ்வளவு தடிப்பு, பிள்ளை?"

மாமனாரின் குரல் கேட்டதும், கணினியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டுதான் சிவானி அறைக்கதவைத் திறந்தாள். சிவபாதசுந்தரம் தேத்தண்ணியோடு நின்றார். அவருக்கு பைபாஸ் முடிந்து நாலு மாதம். அதிர்ச்சியான எதையும் சொல்லக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

அவருடைய மகன் சாரங்கன் வடதுருவப் பக்கம் ஒரு குடாவில், உறைந்த கடலைத் துளைபோட்டு அளக்கப் போனவன். அவன் மனைவி சிவானி வெள்ளவத்தை பிளாட்டில் இருந்தபடியே அதே ஐஸை செய்மதி ராடாரில் அளப்பவள்.

"ரெண்டு மீட்டர், மாமா."

திரையில் மொத்தத் தடிப்பே முப்பது சென்டிமீட்டர் என்று இருந்தது. ராடாருக்குத் தெரிவது தண்ணீருக்கு மேலே நிற்கிற கொஞ்சம்தான். கீழே இருப்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லவேண்டும். பொய் சொல்லவும் வசதியான வேலை.

"போன மாசமும் ரெண்டு எண்டாய். அங்க வெய்யில் தொடங்கியும் குறையேல்லையோ?"

"லொறி ஓடினாலும் உடையாது, மாமா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அவர் முகம் செத்துப்போயிற்று. நல்ல செய்தி சொன்னால் இந்த மனுசன் ஏன் இப்படி வாடுகிறார் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. கடற்கரை ரயில் போக, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. மூன்று மாதமாக நாள் தவறாமல் சொல்லும் பொய் அவளுக்கே பயமாக இருந்தது.

சிவபாதசுந்தரம் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எனக்காக அந்தப் பொட்டை ஒட்டத் தேவையில்லை, பிள்ளை."

"மாமா..."

"ஐஸ் உடைஞ்சு அவன் கீழ போனதெண்டு நீ போனில கதைச்சது கேட்டது. பிறகு பாத்றூமில பைப்பைத் திறந்துவிட்டு அழுததும் கேட்டது."

இத்தனை நாளும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். சிவானி பொட்டை எடுத்துக் கணினியின் ஓரத்தில் திரும்ப ஒட்டினாள்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு, ஏன் மாமா ஒவ்வொரு நாளும் தடிப்பைக் கேட்டனீங்கள்?"

"உருகினாத்தானே அவனை எடுத்து நான் கொள்ளி வைக்கலாம்."