பழைய ரிங்

"புது பிஸ்டன் ரிங் போட்டு ரெண்டு நாள்தான் ஆச்சு. அதைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டணுமா?" காளவாசல் மெக்கானிக் மருது கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆமாண்ணே" என்றான் ராஜாராமன்.

"தேஞ்ச ரிங்கு சார் அது. புகையாக் கக்கும், பைக் இழுக்காது. ரெண்டு பேரு உக்காந்தா ரயில்வே பாலத்து ஏத்தத்துல நின்னுரும். அதுக்குத்தான உங்கப்பா மாத்தச் சொன்னாரு?"

"இப்ப நல்லா இழுக்குது. அதான் பிரச்சினை."

மருது விழித்தார். ராஜாராமன் குரலைத் தாழ்த்தினான்.

"கல்யாணமாகி மூணு மாசம்ணே. வீடு பூரா ஆளுங்க. ஜானுவை ஆபீஸ்ல இருந்து கூட்டிட்டு வரும்போது பாலத்துல வண்டி திணறும். இறங்கித் தள்ளிக்கிட்டே பேசிட்டு வருவோம். நாங்க தனியாப் பேசுறதே அங்கதான். இப்ப சர்ருனு தாண்டிருது."

மருது சிரித்தபடி, டப்பாவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பழைய ரிங்!

"இன்னும் தூக்கிப் போடலையாண்ணே?"

"போடத்தான் இருந்தேன். காலையில உங்க வீட்டம்மா வந்து, 'அவரு எப்படியும் தேடி வருவாரு, பத்திரமா வைங்கண்ணே'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."