மூன்றாவது சென்சார்

விலையுயர்ந்த மதர்போர்டுகளைச் சோதித்து யூடியூபில் குறைநிறை சொல்வது ஜெகனின் பிழைப்பு. சித்திரபுரத்துக் குளிரில் ராத்திரி முழுக்கக் கிடந்த போர்டு, காலையில் போட்டதும் அறையின் குளிரைத்தான் காட்ட வேண்டும். புதிதாக வந்ததில் இரண்டு வெப்பச் சென்சார்கள் பதினான்கு டிகிரி காட்டின. மூன்றாவது, முப்பத்தேழு.

யாரோ ஓட்டிக் கழித்ததைக் கடைக்காரன் தன் தலையில் கட்டிவிட்டான் என்று ஜெகனுக்குச் சந்தேகம். பெரிய கேம்களை ஓடவிட்டுப் பார்த்தான். மற்ற இரண்டும் ஏறி இறங்கின. அது மட்டும் அசையவில்லை.

மனைவி சிவசங்கரி எட்டிப் பார்த்தாள். "முப்பத்தேழா? அது மனுச உடம்புச் சூடுல்ல?"

சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டியது. ஜெகன் திரும்பிப் பார்த்தான். திரையிலும் முப்பத்தொன்பது.

போர்டின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் படுத்தான்.

காலையில் மறுபடி போட்டான். மூன்று சென்சாரும் ஒன்றுபோலப் பதினான்கு காட்டின. கடைக்காரனை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

"என்னங்க, காய்ச்சல் விட்டுருச்சு," என்று சிவசங்கரி பின்னாலிருந்து டீயை நீட்டினாள்.

கிளாஸ் சுட்டது. அதைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஜன்னல் கம்பி மாதிரிக் குளிர்ந்திருந்தன.