ஒரு லீட்டர் தண்ணீர்

"ஒரு லீட்டர் தண்ணி எங்கக்கா போச்சு?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் டொக்டர் லோஜினி. கட்டிலில் படுத்திருந்த ஹபீலா கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"குடிச்சேன் டொக்டர். திகனயில பஸ் ஏற முந்தி, போத்தல் காலியாகும் வரைக்கும் குடிச்சேன்."

"டொய்லட்டுக்குப் போனீங்களா?"

"அல்லாஹ்வுக்காக, போகல்ல."

திரையில் மூத்திரப்பை காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடந்தது. இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் இதே கேள்வி, இதே பதில், இதே சுருங்கிய பை. எட்டு வருடமாக ஸ்கான் பார்க்கிற லோஜினிக்கு இப்படியொரு கணக்கு இடித்ததே இல்லை. குடித்த தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் அங்கே வந்து நிற்க வேண்டும். வேறு போக வழி இல்லை.

கோபம் வந்தாலும் விளக்கம் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

"இங்க பாருங்கக்கா. இந்த மெசின் சத்தத்தை அனுப்பித்தான் படம் எடுக்குது. குடலுக்குள்ள இருக்கிற காத்து, கடுகண்ணாவ மலையில பனி மூடுற மாதிரி. அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. மூத்திரப்பை நெறைஞ்சா குடலை மேல தள்ளிட்டு, கண்ணாடி ஜன்னல் மாதிரி நிக்கும். அதுக்குள்ளால பார்த்தாத்தான் கர்ப்பப்பை தெரியும். அதுக்குத்தான் தண்ணி. வேற ஒண்ணுக்கும் இல்ல."

"வெளங்குது டொக்டர்."

"இல்லாட்டி உள்ள வச்சுப் பார்க்கிற ஸ்கான் செய்யலாம். அதுக்குத் தண்ணியே தேவையில்ல. நான் மட்டுந்தான் இருப்பேன், கதவைப் பூட்டிருவோம்."

"அது மட்டும் வேணாம்." முதல் நாளைப் போலவே சட்டென்று சொன்னாள். உடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடிவயிற்றில் கட்டி இருக்குமோ என்று பெரிய டொக்டருக்குச் சந்தேகம். நாளைக்குப் படத்தோடு போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த தவணை இரண்டு மாதம் கழித்து. உண்மையிலேயே கட்டி என்றால் இரண்டு மாதம் சின்ன விசயம் இல்லை.

"வெளிய இருங்க. கொஞ்சம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்."

ஹபீலா வெளியே போனாள். ஆனால் இருக்கவில்லை. சில கதிரைகள் காலியாகக் கிடந்தும், சுவரோரமாக நின்றுகொண்டாள். மூன்று தடவையும் அப்படித்தான். ஆண்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற கூச்சமாக்கும் என்று நினைத்தாள் லோஜினி.

அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது, உதவியாளர் ஜஹானாவின் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்த நோன்பு நேர அட்டவணை கண்ணில் பட்டது. சட்டென்று எல்லாம் பொருந்தியது. எப்படி இவ்வளவு நாளும் யோசிக்காமல் போனாள்?

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க நோன்புதானே?"

குரல் கூடிவிட்டது. காத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

ஹபீலா தலை குனிந்தாள். பிறகு, "ஓம் டொக்டர். நோன்புதான். மன்னிச்சிக்கோங்க" என்றாள்.

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தாள் ஜஹானா. "டொக்டர் தண்ணியத் தேடித் தேடிக் களைச்சுப் போனாங்க, ராத்தா. வருத்தக்காரருக்கு நோன்பப் பிறகு புடிக்க ஏலுமே. மூணு நாளா எங்களையும் பொய்யில வச்சிருந்தீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பரவாயில்ல" என்றாள் லோஜினி, விடை கண்ட மகிழ்ச்சியில். "எட்டு மணி வரைக்கும் தொறந்திருப்போம். நோன்பு தொறந்ததும் அஞ்சு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு வாங்க. பார்த்திரலாம்."

ஹபீலா தலையாட்டிவிட்டு, மூன்று மாடிப் படியிலும் கைபிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் ஜஹானா கையில் ஒரு போத்தலோடு உள்ளே வந்தாள்.

"டொக்டர், அந்த ராத்தா இத மறந்து வச்சிட்டுப் போயிட்டா. படி முழுக்கச் சொட்டுச் சொட்டாத் தண்ணி. அவ நின்ன எடத்துலயும் ஈரம். போத்தல்தான் ஒழுகுதாக்கும்னு பார்த்தா, இது காஞ்சு போய்க் கெடக்கு."

லோஜினி போத்தலைப் பார்த்தாள். சுவரோரத்து ஈரத்தைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த கதிரைகளைப் பார்த்தாள். பன்னிரண்டு பேருக்கு முன்னால் தான் கேட்ட கேள்வி காதுக்குள் திரும்ப ஒலித்தது. முகம் சுட்டது.

கீழ்ப்படியில் ஹபீலாவைப் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"எத்தன வருசமாக்கா?"

ஹபீலா தெருவைப் பார்த்தாள். "கடைசிப் புள்ள பொறந்ததுலேர்ந்து. ஆறு வருசம். இருமினா, படி ஏறினா, பஸ் குலுங்கினா… தன்னால போயிருது. துணி வச்சாலும் நிக்கிறல்ல." குரல் அடங்கிப் போயிருந்தது. "நோன்புன்னு பொய் சொன்னா ஆண்டவன் மன்னிப்பான் டொக்டர். இத நான் ஆருக்கிட்ட சொல்ற?"

"எங்கிட்ட சொல்லியாச்சு. மன்னிப்பு நாந்தான் கேக்கணும்." லோஜினி அவள் கையைப் பிடித்தாள். "இதுக்கும் வைத்தியம் இருக்கு, பெரிய டொக்டருக்கு நானே எழுதித் தாறேன். இப்ப மெதுவா மேல வாங்க. போறது போகட்டும். கட்டில்ல ரப்பர் விரிச்சு, கதவைப் பூட்டிட்டுத் தண்ணி தாறேன். குடிச்சிட்டு ஒரு மணித்தியாலம் எழும்பாமப் படுத்திருங்க. படுத்திருந்தா கீழ அழுத்தம் இல்ல. தண்ணி உள்ளயே நிக்கும்."