மிக்ஸி குடித்த கரண்ட்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. மிக்ஸி காதில் விழுந்தால் அது வருத்தப்படும்.

ஒரு வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. அதற்குக் கரண்டை அளந்து விட, சுவரில் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி. கரண்ட் கூடினால் டக்கென்று நிறுத்திவிடும். சீரான பிறகும் மூன்று நிமிஷம் கழித்துத்தான் விடும்.

"பந்தியில உட்கார வச்சு இலையை உருவுறியே!" என்று ஃபிரிட்ஜ் கத்தும்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி," என்னும் பெட்டி.

மிக்ஸிக்கு ஒரே சிரிப்பு. "என்னைப் பாரு, சுவத்துலேர்ந்து நேரா குடிக்கிறேன். நடுவுல ஆள் எதுக்கு?"

ஃபிரிட்ஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்துச் சீறியது: "நாளைக்கும் நிறுத்தினா நான் குளிரவே மாட்டேன். உன்னைத்தான் கழட்டிப் போடுவாங்க!"

மறுநாள் காலை பலத்த காற்று. தெருவில் கம்பிகள் உரசி, கரண்ட் ஒரேயடியாக எகிறியது. பெட்டி டக்கென்றது. தேங்காய்ச் சட்னியைப் பாதி அரைத்திருந்த மிக்ஸி, 'ஙீ' என்று அலறிப் புகைந்தது.

கரண்ட் சீரானதும் பெட்டி பணிவாகக் கேட்டது: "அண்ணாச்சி, உடனே விட்டுடட்டுமா?"

"ஐயோ ராசா, மூணு நிமிஷம் ஆகட்டும்!"

பெட்டி அன்றைக்கு நாலு நிமிஷம் காக்க வைத்தது.