டோக்கனுக்கு ஆயுசு கெட்டி

"இன்னும் ரெண்டே நிமிஷம். அப்புறம் உயிர் போயிடும்," என்றார் ஆட்டோமேட்டிக், முகமெல்லாம் சிரிப்பாக.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பதறவில்லை. உயிர் போகவிருந்தது ஒரு டோக்கனுக்கு. அதைக் காட்டினால்தான் பார்சல் கம்பெனியின் சர்வர் உள்ளே விடும். பத்து நிமிஷம் தாண்டினால் அது செல்லாக் காசு.

எதைக் கேட்டாலும் "எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று மார்தட்டியதால் ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர்தான் ஆட்டோமேட்டிக். போன இரண்டு டெமோவிலும் டோக்கன் நடுவில் செத்து, திரை வெளுத்து, மானம் கப்பலேறியது. "இந்தத் தடவையும் படுத்துக்கிச்சுன்னா நாளைக்கு நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்ட முதலாளி, பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

செல்போன் அடித்தது. ஆட்டோமேட்டிக் பார்த்துவிட்டுக் கட் செய்தார். "வீட்டுல. சாப்பிட்டேனான்னு கேட்பா."

திரையில் பச்சை எழுத்து: புதிய டோக்கன் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா மேடம்! டோக்கன் சாகறதுக்கு முன்னாடி நம்ம புரோகிராம் அதுவா முழிச்சு, அதுவா புதுசு வாங்கிக்குது. மனுஷக் கை படவே வேணாம்."

பார்சல் கம்பெனி மேடம் லேசில் மசிகிறவர் அல்ல. "இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார்.

டீ வந்தது. ஆறியது. மறுபடி போன், மறுபடி கட், மறுபடி பச்சை.

"பாவம், எடுத்து ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"வேலைன்னு உட்கார்ந்துட்டா எனக்குக் குடும்பமே கிடையாது மேடம்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். "எங்க நாப்பது கிளையிலயும் ராப்பகலா ஓடணும். நடுவுல தூங்கிடாதில்ல?"

"தூக்கம்னா என்னன்னே அதுக்குத் தெரியாது!"

மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. ஆட்டோமேட்டிக் கை நீட்டுவதற்குள், "ஏதாவது அவசரமா இருக்கப் போகுது" என்று மேடமே அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, அந்த டோக்கன் பட்டனை அழுத்திட்டேன். அடுத்ததை நீங்களே வந்து அழுத்திக்கங்க, எனக்குக் கண்ணு சொக்குது!"